முக்கா அக்கா நிரப்பிய ஜாடி

அந்தத் தெருவில் முக்கா அக்கா வீடு எது என்று கேட்டால், பால் குடிக்கிற குழந்தைகூட பாட்டிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வழி சொல்லும். மாடிப்படிச் சுவரில் முக்கால்வாசிக்கு நீலமும் மிச்சத்துக்குப் பழைய மஞ்சளுமாக நிற்கிற வீடு. நீலம் அடித்துக்கொண்டே மேலே போனவளிடம், ஏணி இரவல் கொடுத்தவர் வந்து ஏணியைக் கேட்டார். கொடுத்துவிட்டாள். அதன் பிறகு எத்தனையோ ஏணிகள் அந்த வழியாகப் போயின. ஒன்றையும் அவள் நிறுத்திக் கேட்கவில்லை.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே பின்னால் திரும்பிப் பார்ப்பாள். முக்கா என்றால்தான் முகம் திரும்பும்.

காரணம் இல்லாமல் வந்த பெயர் இல்லை. புருஷனுக்கு ஸ்வெட்டர் பின்னினாள். ஒரு கை பாக்கி. அந்த மனுஷன் குளிர்காலத்தில் ஒரு கையைச் சூடாகவும் இன்னொரு கையைப் பாக்கெட்டிலும் வைத்துக்கொண்டே பல வருஷம் ஓட்டிவிட்டார். சைக்கிள் கற்றாள். ஏறக் கற்றாள், மிதிக்கக் கற்றாள், நிறுத்துவது கடைசிப் பாடம் என்பதால் அது மட்டும் வரவில்லை. இன்றைக்கும் அவள் சைக்கிளுக்கு வீட்டுச் சுவர்தான் பிரேக். சினிமாவுக்குப் போனால், பஸ்ஸில் இடம் கிடைக்காது என்று கடைசிக் காட்சிக்கு முன்பே எழுந்து வந்துவிடுவாள். அவளைப் பொறுத்தவரை உலகத்தில் எந்த வில்லனும் இன்னும் சாகவில்லை.

வேலையும் அதற்கேற்ற வேலைதான். சட்டை தைக்கிற கம்பெனியில் காலர் வரிசை. சட்டை அவள் மிஷினுக்கு வரும்போது முதுகும் மார்பும் தோளும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அவள் காலரை வைத்துப் பிடித்து, ஒரு ஓட்டு ஓட்டி, அடுத்த மேஜைக்குத் தள்ளுவாள். பொத்தான் யாரோ, மடிப்பு யாரோ, அட்டைப்பெட்டி யாரோ. ஊரில் பாதி ஆம்பளைகள் கழுத்தை அவள்தான் பிடித்திருக்கிறாள். ஆனாலும் தான் தைத்த சட்டையை முழுசாகப் பார்த்தது கடைக் கண்ணாடிக்குள் தொங்கும்போதுதான்.

வீட்டில் மொத்தம் நாலு பேர். முக்கா, அவள் புருஷன், காலேஜ் போகிற மகள், மாடி அறையில் நாத்தனார்.

புருஷன் பிரிட்ஜ் மெக்கானிக். தெருவே அவரை ‘கூலிங்’ என்று கூப்பிடும். வாழ்க்கையில் அவருக்குத் தெரிந்த வேடிக்கை ஒன்றே ஒன்று. பழுது பார்க்கப் போன வீட்டில் குழந்தைகள் இருந்தால், பிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து, ஓரத்தில் இருக்கிற குட்டிப் பொத்தானை விரலால் அமுக்குவார். உள்ளே விளக்கு அணையும். விரலை எடுப்பார், எரியும். “கதவு சாத்தினா லைட்டு தூங்கிடும் கண்ணு, திறந்தா முழிச்சுக்கும்” என்பார். குழந்தைகள் கைதட்டும். இந்த ஒரு வித்தையை வைத்தே ஊரில் மூன்று தலைமுறையைச் சிரிக்க வைத்துவிட்டார் என்று சொன்னால், ஒரு தலைமுறை அதிகம், அவ்வளவுதான்.

நாத்தனாருக்குக் கடைத்தெருவில் பெரிய பூக்கடையில் வேலை. பூங்கொத்து கட்டுவாள். கத்தரி கூர்மை, அதைவிட நாக்கு கூர்மை. ரோஜாத் தண்டில் முள்ளைச் சீவுகிற கையோடு மனுஷர்களையும் சீவிவிடுவாள்.

அவள்தான் ஒரு நாள் தண்டு ஒடிந்த பூ ஒன்றைக் கடையிலிருந்து கொண்டுவந்து டம்ளரில் போட்டாள். பார்த்தால் ரோஜா. தொட்டால் முள் இல்லை. இதழ் பட்டுத்துணி மடித்து வைத்த மாதிரி அடுக்கடுக்காக, வெள்ளையில் ஊதாக் கரை.

“இது என்னடி, ரோஜாவுக்குச் சித்தப்பா பொண்ணா?”

“லிசியாந்தஸ் அண்ணி. நாங்க லிசின்னு சொல்லுவோம். குளிர் ஊர்லேருந்து பெட்டியில வருது, பிளேன்ல.”

“வாசனையே இல்லையே.”

“வாசனை இல்ல, முள்ளு இல்ல, கோவம் இல்ல. எங்க அண்ணன் மாதிரின்னு வெச்சுக்க.”

பக்கத்திலேயே ஒரு ரோஜாவும் இருந்தது. அது மூன்றாம் நாளே தலையைத் தொங்கப்போட்டது. லிசி அசையவில்லை. ஒரு வாரம் போயிற்று, அசையவில்லை. இன்னொரு வாரமும் போயிற்று. டம்ளரில் தண்ணீர்தான் நாறியது, பூ நாறவில்லை. மொட்டாக இருந்தவைகூட ஒவ்வொன்றாக விரிந்தன. எடுத்த காரியத்தை இப்படி விடாமல் முடிக்கிற ஜீவனை முக்கா அதுவரை பார்த்ததே இல்லை. அன்றே விதை வாங்கிவிட்டாள்.

ஆரம்பச் சூரத்தனத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. விதைப்பையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்ததை முக்கால்வாசி வாசித்ததும் எல்லாம் புரிந்துபோயிற்று. ஜன்னலோரம் விதைத் தட்டு வைத்தாள். முளைத்தது. வெயில் காலம் வந்தது. செடிகள் மண்ணோடு மண்ணாக இலையை விரித்து உட்கார்ந்தன. உட்கார்ந்தவை உட்கார்ந்தவைதான். தண்டும் இல்லை, மொட்டும் இல்லை.

“முட்டைக்கோஸ் எப்பக்கா அறுவடை?” என்று காலர் வரிசையே கேட்டது. அவள் தட்டைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டாள். முக்காவின் கணக்கில் இன்னொரு முக்கால் ஏறியது.

அத்தோடு போயிருக்கும். ஆனால் அடுத்த வருஷம் வெயில் ஆரம்பிக்கிற சமயத்தில் நாத்தனார் சாப்பாட்டு மேஜையில் ஒரு சேதி சொன்னாள்.

“சொந்தக் கடை போடப் போறேன் அண்ணி. அடுத்த குளிர் முடியறதுக்குள்ள திறந்துடுவேன். வாசல்ல ஒரு பெரிய கண்ணாடி ஜாடி வைப்பேன். அது நிறைய லிசி. ரோட்டுல போறவன் கண்ணு ஜாடியில ஒட்டிக்கணும், காலு தானா கடைக்குள்ள வரணும்.”

“அந்த ஜாடியை நான் நிரப்பறேன்” என்றாள் முக்கா.



“எதால? தண்ணியாலயா?” என்றாள் நாத்தனார்.

கூலிங்குக்குப் புரையேறிவிட்டது. மகள் அப்பாவின் தலையில் தட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிச் சிரித்தாள்.

“சிரிங்க, நல்லா சிரிங்க. என் கையால வளர்த்து, என் கையால வெட்டி, ஜாடி கழுத்து வரைக்கும் நிரப்பறேன். கழுத்து பிடிக்கறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா?”

“அண்ணி, நீ முக்கா ஜாடி நிரப்பினா, முதல் நாளே நான் கடையில முக்காடு போட்டுக்கிட்டு உக்காரணும்.”

“முழு ஜாடி.”

நாத்தனார் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். பிறகு கேலி இல்லாத குரலில் சொன்னாள்: “சரி, ஜாடியை உனக்குன்னு விட்டுடறேன். பெட்டிப் பூவுக்குச் சொல்லி வைக்க மாட்டேன். ஆனா ஒண்ணு அண்ணி. அன்னைக்கு ஜாடி காலியா இருந்தா ஊரு உன்னைப் பார்த்துச் சிரிக்காது. உன்னைப் பார்த்துச் சிரிச்சுச் சிரிச்சு ஊருக்கு அலுத்துப்போச்சு. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கும். அதை மட்டும் நினைச்சுக்க.”

அது முள் குத்தின மாதிரி இருந்தது. இதுவரை அவள் பாதியில் விட்டதெல்லாம் அவளோடு போயிற்று. ஸ்வெட்டர்கூடப் புருஷனோடு போயிற்று. இது வேறு ஒருத்தியின் கடை, வேறு ஒருத்தியின் முதல் நாள்.

புது விதைப்பை வந்தது. இந்த முறை மகளைவிட்டுக் கடைசி எழுத்து வரைக்கும் வாசிக்கச் சொன்னாள். போன வருஷம் அவள் விட்ட கால்வாசியில்தான் விஷயமே இருந்தது.

“‘இளஞ்செடிக்குச் சூடு பட்டால் இலை விரித்து அப்படியே உட்கார்ந்துவிடும், எழும்பாது’ன்னு போட்டிருக்கும்மா. ‘விதையை மண் போட்டு மூடக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும்’.”

“வெளியில நெருப்பா கொட்டுது. குளிர்ச்சிக்கு நான் எங்கடி போவேன்?”

கூலிங் தொண்டையைச் செருமினார். “நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?”

பின்பக்கக் கொட்டகையில் அவர் வாங்கிப் போட்ட செத்த பிரிட்ஜுகள் வரிசையாக நின்றன. அதில் ஒன்றை எழுப்பினார். தெர்மோஸ்டாட்டைத் திருகித் திருகி, உள்ளே ஐஸ் கட்டாமல், விடிகாலை மாதிரி இதமாக இருக்கும்படி செய்தார். பழைய குண்டு பல்பைக் கழற்றிவிட்டு, நல்ல வெள்ளை வெளிச்சம் தருகிற எல்.இ.டி. குழல்களை மேலும் பக்கத்திலும் பொருத்தினார். கதவைத் திறந்தால் கண் கூசியது. நகைக்கடை தோற்றது.

“இந்த வெளிச்சத்துல விதை முளைக்காட்டி, விதைக்குக் கண்ணு தெரியலன்னு அர்த்தம்” என்றார்.

விதை கடுகைவிடச் சின்னது. மேலே பூச்சு பூசி உருட்டியிருந்தார்கள், அப்படியும் ஒரு தும்மலுக்கு அடுத்த தெருவுக்குப் போய்விடும். முக்கா மிஷின் ஊசியின் மொட்டைப் பக்கத்தைத் தண்ணீரில் தொட்டு, ஒவ்வொரு விதையாக ஒற்றி எடுத்து, சலித்த மண்ணின் மேல் வைத்தாள். அந்த நேரத்தில் வீட்டில் மூச்சு விடுகிறவர்கள் அவளிடம் அனுமதி வாங்கித்தான் விட்டார்கள். தட்டுகள் பிரிட்ஜுக்குள் போயின. கதவைச் சாத்தினாள்.

பிறகு காத்திருப்பு.

ஆளாளுக்குக் கதவைத் திறந்து பார்த்தார்கள். திறக்கும்போதெல்லாம் உள்ளே ஜெகஜ்ஜோதி. மண் மட்டும் மண்ணாகவே இருந்தது. நாத்தனார் கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கதவைத் திறப்பாள்.

“என்ன அண்ணி, கல்யாண மண்டபம் மாதிரி லைட்டெல்லாம் பிரமாதம். மாப்பிள்ளைதான் இன்னும் வரலை.”

ஒரு நாள் கூலிங் கொட்டகையிலிருந்து கத்தினார். “முளைச்சாச்சு! எல்லாரும் வாங்க! வெள்ளையா, மெத்துமெத்துன்னு, தட்டு பூரா!”

எல்லோரும் ஓடினார்கள். முக்கா ஓடிய ஓட்டத்தில் ஒரு வாளி உருண்டது. நாத்தனார் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள்.

“அண்ணே, இது பூஞ்சை.”

 முக்கா தட்டுகளை வெளியே எடுத்தாள். அந்த மூலை தெரிந்த மூலைதான். போன வருஷத்துத் தட்டு இன்னும் அங்கேதான் இருந்தது. அதன் மேல் இவற்றையும் வைத்தாள். வெண்ணெய் திரள்கிற நேரத்தில் தாழியை உடைக்கிறவள் என்று தன்னைப் பற்றி ஊர் சொல்வது அவளுக்குத் தெரியும். இந்தத் தடவை தாழியை அவள் தொடக்கூட இல்லை, அதுவாக உடைந்திருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

“விடும்மா. பெட்டிப் பூவுக்கு நானே சொல்லி வெக்கறேன்” என்றார் கூலிங், தங்கை மாடி ஏறியதும்.

“உங்க தங்கச்சி கிட்ட நான் சொல்லிக்கறேன். நாளைக்கு” என்றாள்.

மறுநாள் கம்பெனியில் காலர் மலைபோல் குவிந்திருந்தது. மனசு மிஷினில் இல்லை. ஊசி பட்டென்று ஒடிந்தது. புது ஊசி மாட்டக் கையை உள்ளே விட்டாள். ஊசிக்கு மேலே ஒரு குட்டி விளக்கு, காலையிலிருந்து எரிகிற விளக்கு. புறங்கை அதில் பட்டது.

“ஸ்ஸ்!”

“என்னக்கா, சுட்டுடுச்சா?” என்றாள் அடுத்த மேஜைப் பொத்தான்காரி.

“எரியற விளக்கு சுடாம என்ன செய்யும்...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். வழக்கமாக முக்காலில்தான் நிறுத்துவாள். அதனால் பொத்தான்காரி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

முக்கா வேலை முடிந்து சைக்கிளில் வந்த வேகத்துக்கு, அன்று வீட்டுச் சுவர் நின்றது அதிர்ஷ்டம். மோதிய சைக்கிளை நிமிர்த்தக்கூட இல்லை. கொட்டகைக்கு ஓடினாள். பிரிட்ஜ் காலையிலிருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது, யாரும் அணைக்கவில்லை. கதவைத் திறந்த கையோடு குழலைப் பிடித்தாள்.

சில்லென்று இருந்தது, நீரிலிருந்து எடுத்த மீன் மாதிரி.

“இது காலையிலேருந்து எரியற விளக்கு இல்ல! இப்பத்தான் முழிச்சுக்கிட்ட விளக்கு!” என்று அவள் போட்ட சத்தத்தில் கூலிங் ஸ்குருடிரைவரோடு ஓடிவந்தார், மகள் போனோடு ஓடிவந்தாள், நாத்தனார் மாடியிலிருந்து சீப்போடு இறங்கினாள்.

“நல்லாத்தானே எரியுது, நான் போட்டதும்மா அது” என்றார் கூலிங்.

மகள் போனில் வீடியோவை ஓடவிட்டு, அதை உள்ளே சாய்த்து வைத்துக் கதவைச் சாத்தினாள். கொஞ்சம் பொறுத்து வெளியே எடுத்தாள். நாலு தலைகளும் போனின் மேல் முட்டிக்கொண்டன. திரையில் முதலில் பளபளவென்று வெளிச்சம். கதவு மூடியது. அவ்வளவுதான், கும்மிருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து கூலிங்கின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: “நான் போட்ட லைட்டு அணையறதாவது! என் சர்வீஸ் என்ன, என் அனுபவம் என்ன!”

 கூலிங் மெதுவாகப் போய், கவிழ்த்து வைத்திருந்த காய்கறி டிராயரின் மேல் உட்கார்ந்தார்.

“பழைய பல்பு ஒயரு கையில வந்துது. கை தானா அதுலயே புதுசைச் சொருகிடுச்சு. அது... கதவுப் பொத்தான் வழியா போற ஒயரு.”

“ஏண்ணே,” என்றாள் நாத்தனார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே, “ஊர்க் குழந்தைக்கெல்லாம் சொல்லிக் குடுத்தியே, கதவு சாத்தினா லைட்டு தூங்கிடும்னு. உனக்கு யாருண்ணே சொல்லிக் குடுக்கறது?”

“அப்பா, உங்க வித்தைக்கு இப்பத்தான் நிஜமா கைதட்டணும்” என்று மகள் கைதட்டினாள்.

ஒயரை மாற்றிப் போட அவருக்கு ஒரு கொட்டாவி விடுகிற நேரம்தான் ஆயிற்று. அதற்கப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. விதை?

“அதான் பூஞ்சை தின்னுடுச்சே. புதுசு வாங்கி, அது வந்து சேர்ந்து, முளைச்சு... நாள் பத்தாது” என்றாள் நாத்தனார். அவள் குரலிலும் இப்போது சிரிப்பு இல்லை.

முக்கா தரையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், தையல் டப்பாவிலிருந்து விதைப்பையை எடுத்துவந்து நீட்டினாள். குலுக்கினால் கலகலவென்று கேட்டது.

“ஏம்மா, எல்லாத்தையும் போடலையா நீ?”

“முக்காவாசி போட்டேன்” என்றாள் அவள், யார் முகத்தையும் பார்க்காமல். “அப்புறம் முதுகு வலிச்சுது.”

அந்தக் கொட்டகை அதற்குமுன் எத்தனையோ கம்ப்ரசர் சத்தம் கேட்டிருக்கிறது. அன்றைக்குக் கேட்ட சிரிப்பு மாதிரி ஒன்றைக் கேட்டதில்லை. ஓட்டில் இருந்த புறாக்கள் இன்னும் திரும்பி வரவில்லை என்று சொல்கிறார்கள்.

மிச்சக் கால்வாசியையும் அவள் அன்றே வைத்தாள். முதுகு வலித்தது. வலிக்கட்டும் என்று கடைசி விதைவரை வைத்தாள். இந்த முறை பகலெல்லாம் பிரிட்ஜுக்குள் பகலாகவே இருந்தது. ஒரு காலையில் மண்ணின் மேல் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. ஊசிமுனை அளவு. கூலிங்குக்குச் சொல்லவே பயம். தங்கையைக் கூப்பிட்டுக் காட்டி, “பூஞ்சை இல்லையே?” என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் சிரித்தார்.

லிசியின் வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆமை அதைப் பார்த்தால் ஹாரன் அடித்து ஒதுங்கச் சொல்லும். வழுக்கைத் தலையில் முடி வளர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், லிசியைப் பார்க்க முடியாது. இரண்டு இலை வந்து, அடுத்த இரண்டு இலை வருவதற்குள் தெருவில் ஒரு வீடே கட்டி முடித்துப் பால் காய்ச்சிவிட்டார்கள். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் சாய்ந்துவிடும் என்று, பிரிட்ஜ் டிராயரில் தண்ணீர் விட்டு, அதில் தட்டை வைத்து, மண் கீழிருந்து குடிக்கிற மாதிரி செய்தாள். வெளியே ரோட்டில் தார் உருகியது. உள்ளே லிசிகள் குளுகுளுவென்று இருந்தன. வீட்டிலேயே அவற்றுக்குத்தான் நல்ல அறை. கூலிங் இரண்டு முறை தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றதை மகள் பார்த்திருக்கிறாள்.

வெயில் தணிந்து குளிர்காற்று வந்ததும், துணி துவைக்கிற கல்லுக்கும் பின்சுவருக்கும் நடுவே பாத்தி கட்டினாள். மணலும் மக்கிய எருவும் கலந்து, தண்ணீர் தேங்காமல் மேடாக்கினாள். வேர் அசையாமல் ஒவ்வொரு நாற்றையும் மண்கட்டியோடு எடுத்து, காலர் முனையைத் திருப்புகிற அதே பதமான விரலால் இறக்கி வைத்தாள். இந்த முறை உட்காரவில்லை, எழுந்தன. சாம்பல் பூத்த பச்சை இலையோடு தண்டுகள் நெஞ்சை நிமிர்த்தி மேலே போயின. காற்றில் சாயாமல் இருக்க, கூலிங் பழைய பிரிட்ஜுகளின் கம்பித் தட்டுகளைக் கழற்றி, நாலு கழிமேல் படுக்கவைத்துக் கட்டினார். ஒவ்வொரு தண்டும் ஒரு கம்பிக் கட்டத்துக்குள் நுழைந்து நேராக வளர்ந்தது. ஒரு காலத்தில் பால் பாக்கெட் உட்கார்ந்த இடத்தில் இப்போது பூச்செடி நின்றது.

தெரு மதில்மேல் தொங்கியது. “முக்கா, இது எந்த இடத்துல நிற்கும்னு பந்தயம் கட்டிக்கிட்டிருக்கோம்” என்றார் ஏணிக்காரர்.

“உங்க ஏணி எட்டாத இடத்துல” என்றாள் அவள்.

பிறகு மொட்டு வந்தது. ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் நடுநாயகமாக ஒன்று, அதைச் சுற்றிக் கீழே குட்டி குட்டியாக. நடு மொட்டு விறுவிறுவென்று பருத்தது. முக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்போது நாத்தனார் வந்து பாத்தியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“அண்ணி, நடு மொட்டையெல்லாம் கிள்ளிடு.”

“என்னது?”

“கிள்ளு. அது மட்டும் முதல்ல விரிஞ்சு முதல்ல வாடிடும். கடை திறக்கற அன்னைக்குக் கிழவியா நிக்கும், மத்ததெல்லாம் பால்குடியா இருக்கும். நடுவுல இருக்கறதை எடுத்தா மிச்சமெல்லாம் ஒண்ணா விரியும்.”

“உசுரைக் குடுத்து வளர்த்தது! முதல் பூவைக் கிள்ளச் சொல்றியே, உனக்குக் கை வருமாடி?”

“எனக்கு வரும். நான் பூ வெட்டறவ. உனக்குத்தான் வராது. நீ எப்பவும் ஆரம்பத்தைத்தானே கட்டிக்கிட்டு அழுவ.”

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல் பட்ட இடம் சரியான இடம். முக்கா பாத்தியருகே குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் அழகழகாக ஆரம்பித்ததெல்லாம் ஞாபகம் வந்தது. நீலச் சுவரின் கீழ்ப்பகுதி எவ்வளவு நேர்த்தி! ஸ்வெட்டரின் அந்த ஒரு கை எவ்வளவு கச்சிதம்! ஆரம்பம் அவளுக்கு எப்போதும் பூத்துக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றதில்தான் மிச்சமெல்லாம் கருகியது.

நகத்தை வைத்தாள். கிள்ளினாள். அடுத்தது. அடுத்தது. நாத்தனாரும் மறுபக்கத்திலிருந்து கிள்ளிக்கொண்டே வந்தாள். ஒரே ஒரு செடியிடம் வந்ததும் முக்கா கையை வைத்து மறைத்தாள்.

“இது ஒண்ணு எனக்கு.”

“சரி, அது உன் கண்ணுக்கு” என்றாள் நாத்தனார்.

அந்த ஒன்று சீக்கிரமே விரிந்தது. வெள்ளையில் ஊதாக் கரை, டம்ளரில் இருந்தது மாதிரியே. முக்கா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டாள். அது பூத்து, அலுத்து, வாடியது. மற்ற செடிகளில் குட்டி மொட்டுகளெல்லாம் ஒரே சீராகப் பருத்துக்கொண்டே வந்தன. நாத்தனார் சொன்னதில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

கடை திறக்கிற அன்று காலை, பாத்தி முழுக்க வெடித்திருந்தது. வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா, கரை போட்டது, கரை போடாதது. பக்கத்து வீட்டில் துணி உலர்த்த வந்தவள் துணியை உலர்த்தாமலே திரும்பிப் போனாள். நாத்தனார் தன் பூக்கத்தரியை நீட்டினாள்.

“கீழ ரெண்டு ஜோடி இலை விட்டுட்டு வெட்டு அண்ணி. அங்கேருந்து திரும்பத் துளிர்க்கும்.”

முக்கா வெட்டினாள். மகள் வாங்கி வாங்கித் தண்ணீர் வாளியில் வைத்தாள். சரக், சரக் என்று கத்தரி ஓடியது. பாத்தியின் முக்கால்வாசி போனதும், கை நின்றது.

 மதில்மேல் இருந்த ஏணிக்காரர், பந்தயம் ஜெயித்த மாதிரி வாயைத் திறந்தார்.

முக்கா நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள். “வேர்க்குதுப்பா” என்றாள். மறுபடி குனிந்தாள். சரக், சரக், சரக். கடைசித் தண்டுவரை வெட்டி, கத்தரியை மடக்கி நாத்தனார் கையில் வைத்தாள். ஏணிக்காரரின் வாய் திறந்தபடியே நின்றது. அதை அவர் வீட்டு ஆட்கள்தான் வந்து மூடியிருக்க வேண்டும்.

பூவைத் தூக்கிப் போக வாளிகள் பற்றவில்லை. பிரிட்ஜ் டிராயர்கள் எல்லாம் இறங்கின. முன்னால் முக்கா, பின்னால் மகள், அதன் பின்னால் ஒற்றைக் கை ஸ்வெட்டரோடு கூலிங். கடைத்தெருவுக்குள் அவர்கள் நுழைந்தபோது பஸ் ஒன்று நிறுத்தம் இல்லாத இடத்தில் நின்றது. காலர் வரிசையே கடை வாசலில் நின்று கைதட்டியது, பொத்தான்காரிதான் பலம்.

வாசலில் அந்தக் கண்ணாடி ஜாடி, ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற அகலம், காலியாக நின்றது. முக்கா ஒவ்வொரு தண்டாக இறக்கினாள். பாதி ஆயிற்று. முக்கால் ஆயிற்று. கழுத்து நிறைந்தது. இன்னும் ஒரு டிராயர் மிச்சம் இருந்தது.

“அண்ணி, போதும், ஜாடி உடைஞ்சுடும்!”

“இருடி, நான் இன்னும் முடிக்கலை.”

கடைக்கு வந்த முதல் ஆள், கண்ணாடி போட்ட ஒரு பெரிய மனுஷி, ஜாடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். “எவ்வளவு புதுசு! எந்த பிளேன்ல வந்தது இது?”

“எங்க அண்ணன் பிரிட்ஜ்ல வந்தது. எங்க அண்ணி இறக்குமதி” என்றாள் நாத்தனார்.  பூவின் இலையைச் சரிசெய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மிச்சப் பூவை வைக்க மேஜைக்கடியில் பாத்திரம் தேடிய முக்காவின் கையில் ஒரு பெரிய பை சிக்கியது. உள்ளே பிளாஸ்டிக் பூ. ஜாடிக்குச் சரியான அளவு.

“ஏய்! இது என்னடி?”

நாத்தனார் நாக்கைக் கடித்தாள். “உன்னை முக்காவாசி நம்பினேன் அண்ணி. அது மிச்சக் காலுக்கு.”

இருவரும் கட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்தவர்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. சாயங்காலத்துக்குள் கடையில் கட்டுகிற காகிதம் தீர்ந்து, பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் அவள் வெறும் முழுசு. ஆனால் வெட்டின கட்டைகள் சும்மா இருக்கவில்லை. இலை இடுக்கிலிருந்து துளிர்த்து, வெயில் கடுமையாவதற்கு முன்னால் இன்னொரு தடவை பூத்தன. முன்பைவிடக் கொஞ்சம் குட்டை, அளவில் கால்வாசி. தெரு கூடிப் பேசி, கணக்குப் பார்த்து, பெயரை மாற்றியது. இப்போது அந்தத் தெருவில் ஒண்ணேகால் அக்கா வீடு எது என்று கேட்க வேண்டும். பழைய பெயரைச் சொன்னால் பால் குடிக்கிற குழந்தை பாட்டிலை எடுக்காது.

கூலிங் மட்டும் ஒரு நாள் நைசாகக் கேட்டுப் பார்த்தார். “அப்ப, இந்த ஸ்வெட்டருக்கு இன்னொரு கை...”

“பொறுங்க” என்றாள் அவள், அடுத்த வருஷத்து விதையை ஊசியால் ஒற்றி வைத்துக்கொண்டே. “கடைசி வரிசைக்கு வந்துட்டேன்.”